எழுத்தாளன் பெயரில் ஒரு மனு

புத்தகத் திருட்டைப் பற்றிப் பேசும் கூட்டம் எதுவானாலும், "எழுத்தாளன் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்ற வேண்டுகோள் அதில் ஒருமுறையாவது வந்துவிடும். அதைச் சொல்பவர் பெரும்பாலும் பதிப்பாளராகவே இருப்பார். அண்மையில் நான் போயிருந்த கூட்டத்திலும் அப்படித்தான் நடந்தது. வாட்ஸ்அப் குழுக்களில் இலவசமாகச் சுற்றும் பிடிஎஃப் கோப்புகளைப் பற்றி ஒரு பதிப்பாளர் உருக்கமாகப் பேசினார், எழுத்தாளரின் மனைவி மக்களை நினைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார், அரங்கம் கைதட்டியது. அவர் வெளியிட்ட நூல்களின் ஆசிரியர்கள் இருவர் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ராயல்டிக் கணக்கு என்ற ஒன்றை அவரிடமிருந்து தாங்கள் பார்த்ததே இல்லை என்று தேநீர் இடைவேளையில் அவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

திருட்டுப் பிரதிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்தப் பதிப்பாளர் முதல் போட்டுப் புத்தகம் அச்சிடுகிறார், அது திருடப்பட்டால் அவருக்கு நட்டம், அதை அவர் சொல்ல வேண்டியதுதான். தன் நட்டத்தைத் தன் நட்டம் என்று சொல்லாமல் எழுத்தாளரின் அடுப்பங்கரை வழியாக ஏன் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. உலகின் முதல் பதிப்புரிமைச் சட்டம் என்று பொதுவாகக் கருதப்படும், 1710-இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டத்தை மறுபடி எடுத்து வாசித்தபோது, அதன் முகப்புரையிலேயே அந்த அடுப்பங்கரை இருந்தது. நூல்களை அனுமதியின்றி அச்சிடுவதால் ஆசிரியர்களுக்கும் உடைமையாளர்களுக்கும் பெருந்தீங்கு நேர்கிறது, பல நேரங்களில் அவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் அழிந்துபோக நேர்கிறது என்று அது தொடங்குகிறது. அந்தச் சட்டத்தைக் கேட்டு நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்தவர்கள் லண்டன் புத்தக வணிகர்கள்.

ஐந்து பவுண்டுக் கவிஞர்

சட்டத்துக்கு முந்தைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1557-இல் மேரி அரசி லண்டன் அச்சக, புத்தக வணிகர்களின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு ஒரு சாசனம் வழங்கினார். அரசுக்கு மதவிரோத நூல்கள் அச்சாகாமல் இருக்க வேண்டும். வணிகர்களுக்குப் போட்டியாளர் இருக்கக் கூடாது. இரண்டு தேவைகளும் ஒரே ஏற்பாட்டில் நிறைவேறின. கம்பெனியின் உறுப்பினர் ஒருவர் ஒரு நூலைக் கம்பெனிப் பதிவேட்டில் தன் பெயரில் எழுதிக்கொண்டால் அந்த நூலை அச்சிடும் உரிமை அவருக்கே, அவருக்குப் பின் அவர் வாரிசுக்கோ வாங்கியவருக்கோ, காலவரம்பு கிடையாது. அனுமதியில்லாமல் அச்சிட்டவரின் கடைக்குள் புகுந்து சோதிக்கவும், நூல்களைப் பறிமுதல் செய்யவும் கம்பெனிக்கே அதிகாரம் இருந்தது. பதிவேட்டில் பெயரேற்றிக்கொள்வது உறுப்பினரின் சலுகை. வெளியாளான ஆசிரியர் கையெழுத்துப் பிரதியை விற்கலாம். விற்ற பிறகு அவருக்கும் அந்த நூலுக்கும் இருந்த வணிக உறவு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அத்தோடு முடிந்தது.

பார்வையிழந்த ஜான் மில்டன் 1667-இல் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தைச் சாமுவேல் சிம்மன்ஸ் என்ற அச்சகத்தாருக்கு விற்றார். கையில் ஐந்து பவுண்டு, முதல் பதிப்பில் 1300 பிரதிகள் விற்ற பிறகு இன்னொரு ஐந்து பவுண்டு, அடுத்தடுத்த பதிப்புகளுக்கும் அதே முறை என்பது ஒப்பந்தம். இரண்டு தவணைதான் அவர் கைக்கு வந்தது. அவர் இறந்த பிறகு 1680-இல் அவருடைய மனைவி எலிசபெத் மீதி உரிமை அனைத்தையும் எட்டுப் பவுண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக மொத்தம் 18 பவுண்டு. பின்னர் அந்த உரிமை ஜேக்கப் டான்சன் என்ற புத்தக வணிகரிடம் வந்து சேர்ந்து, அந்தக் குடும்பத்துக்குத் தலைமுறைச் சொத்தாக இருந்தது. அக்காலத்துக்கு மில்டனின் ஒப்பந்தம் மோசமானதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விற்பனையோடு இணைத்துத் தவணை கேட்ட ஆசிரியர்கள் அன்று அரிது.

வாதம் மாறிய பதினைந்து ஆண்டுகள்

இந்த ஏற்பாட்டைத் தாங்கிப் பிடித்திருந்தது 1662-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம். அது அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1690-களில் அதைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்தபோது எதிர்த்தவர்களில் முக்கியமானவர் மெய்யியலாளர் ஜான் லாக். பழைய லத்தீன் ஆசிரியர்களின் நூல்களைக்கூட ஒரு சங்கம் தனக்கே உரியதென்று வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்பது அவருடைய கேள்வி. சிசரோ இறந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது. ஹாலந்தில் நல்ல தாளில் நல்ல பதிப்பு வருகிறது. அதை இறக்குமதி செய்ய விடாமல் லண்டன் கம்பெனி தடுக்கிறது. லாக்கின் நண்பர் எட்வர்ட் கிளார்க் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1695-இல் புதுப்பித்தலை மறுப்பதற்கான பதினெட்டுக் காரணங்களை மக்கள் சபை சார்பில் பிரபுக்கள் சபைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். அந்தக் காரணங்களில் கருத்துரிமை பற்றிய முழக்கம் எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் புத்தகப் பெட்டி துறைமுகத்தில் தேங்குகிறது, வீடுகளைச் சோதிக்கிறார்கள், கம்பெனி கொள்ளை லாபம் அடிக்கிறது என்கிற ரீதியில் எல்லாம் வணிகக் குறைகள். இங்கிலாந்தில் முன்தணிக்கை ஒழிந்தது இப்படிப்பட்ட ஒரு குறைப் பட்டியலால்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

சட்டம் காலாவதியானதும் கம்பெனியின் பதிவேடு வெறும் காகிதமாயிற்று. வெளியூர் அச்சகங்கள் தலையெடுத்தன. லண்டனிலேயே ஹென்றி ஹில்ஸ் போன்றவர்கள் பிறர் வெளியிட்ட சமயச் சொற்பொழிவுகளையும் கவிதைகளையும் மலிவுத் தாளில் அச்சிட்டுச் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். இதற்கு அடுத்த பதினைந்து ஆண்டுகளில் புத்தக வணிகர்கள் என்ன கேட்டார்கள் என்பதை வரிசையாகப் பார்த்தால், எனக்கு உறுத்தலாக இருந்த கேள்விக்குப் பெரும்பகுதி விடை அங்கேயே இருக்கிறது.

முதலில் அவர்கள் பழைய கதவையே தட்டினார்கள். அச்சுத் தொழிலுக்குக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் நாட்டில் கலகம் மூளும், மதம் கெடும், ஆகவே உரிமச் சட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். அதற்கான மசோதாக்கள் மீண்டும் மீண்டும் அவைக்கு வந்து மீண்டும் மீண்டும் விழுந்தன. தணிக்கை அதிகாரத்தை எந்தக் கட்சியின் கையில் கொடுப்பது என்பதில் விக் கட்சிக்கும் டோரிக் கட்சிக்கும் ஒத்துப்போகாத காலம் அது. இந்த இடைவெளியில் எழுத்தாளர் டேனியல் டிஃபோ ஒரு வேறுபட்ட குரலை எழுப்பினார். ஆங்கிலத் திருச்சபையின் தீவிரப் பிரிவினரைக் கேலி செய்து எழுதியதற்காக 1703-இல் பொதுவெளியில் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டவர் அவர். எழுதியதற்காக ஒருவனைத் தண்டிக்கலாம் என்றால், அந்த எழுத்தை அவனுடையதென்று ஏற்றுக்கொண்டு அதைத் திருடுபவனையும் தண்டிக்க வேண்டாமா என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஆசிரியரை உரிமையாளராக நிறுத்திய இந்தப் பேச்சு, ஆசிரியர் ஒருவரின் சொந்த அனுபவத்திலிருந்து வந்தது.

வணிகர்கள் அதைக் கவனித்திருக்க வேண்டும். 1707 பிப்ரவரியில் அவர்கள் கொடுத்த மனுவில் கலகமும் மதமும் காணாமல் போய்விட்டன. கற்றறிந்தோர் பலர் காலத்தையும் பொருளையும் செலவிட்டு நூல்களை இயற்றி, தக்க விலைக்கு அவற்றை விற்றுவந்தார்கள். இப்போது பிறர் துணிந்து மறுபதிப்புச் செய்வதால் எழுதுவோர் ஊக்கம் இழக்கிறார்கள், உடைமையாளர்களும் நட்டப்படுகிறார்கள் என்று மனு சொன்னது. 1709 டிசம்பரில் மறுபடி ஒரு மனு, அதே தொனி. எதிரி யார் என்பதும் இழந்தது யாருடைய பணம் என்பதும் மாறவில்லை. முன்வரிசையில் நின்று பேசும் முகம் மட்டும் மாறியிருந்தது. தேர்த் திருவிழாவில் உற்சவர் வீதிக்கு வந்தாலும் வடம் யார் கையில் இருக்கிறதோ அவர் போகும் தெருவுக்குத்தான் தேர் போகும். அந்த மனுவில் ஆசிரியர் இருந்த இருப்பு அப்படிப்பட்டது.

ஆனால் நாடாளுமன்றம் ஏமாளியாக இருக்கவில்லை. வந்த மசோதாவுக்கும் நிறைவேறிய சட்டத்துக்கும் நடுவே நிகழ்ந்த மாற்றங்கள்தான் இந்த வரலாற்றில் என்னை நெடுநேரம் நிறுத்திவைக்கும் பகுதி. சொத்துரிமையைப் பாதுகாக்க வேண்டும் என்று வணிகர்கள் கேட்டிருந்தார்கள். சட்டத்தின் நெடிய தலைப்போ கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம் என்று தொடங்கி, அதற்கு வழியாக, ஆசிரியர்களிடமோ பிரதியை வாங்கியவர்களிடமோ குறிப்பிட்ட காலத்துக்கு உரிமையை ஒப்படைப்பதாகச் சொன்னது. அந்தக் காலம் புதிய நூல்களுக்குப் பதினான்கு ஆண்டு. ஏற்கெனவே அச்சாகியிருந்தவற்றுக்கு இருபத்தொரு ஆண்டு. இந்த இரு எண்களும் 1624-ஆம் ஆண்டின் தனியுரிமைத் தடைச் சட்டத்தில் கண்டுபிடிப்புகளுக்கு வைத்திருந்த வரம்பையே ஒத்திருக்கின்றன. தனியுரிமை ஒரு நோய், சிறிதளவு மருந்தாகக் கொடுக்கலாம் என்று கருதியவர்களின் அளவுகோல் அது.

அதோடு விடவில்லை. பதிவேட்டில் பெயரேற்றிக்கொள்ளக் கம்பெனி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, யாரும் ஏற்றலாம் என்றார்கள். கம்பெனி எழுத்தர் பதிய மறுத்தால் அரசிதழில் அறிவிப்புக் கொடுத்தால் போதும் என்று சேர்த்தார்கள். எழுத்தர் மறுப்பார் என்று முன்கூட்டியே எதிர்பார்க்குமளவுக்கு அவர்களுக்குக் கம்பெனியைத் தெரிந்திருந்தது. புத்தக விலை அநியாயமாக உயர்ந்தால் முறையிடலாம், கான்டர்பரி பேராயர் முதலானோர் விலையைக் குறைத்து நிர்ணயிக்கலாம் என்று ஒரு பிரிவு. கிரேக்கம், லத்தீன் முதலிய அயல்மொழி நூல்களின் இறக்குமதிக்குத் தடையில்லை என்று இன்னொரு பிரிவு. அங்கே லாக்கின் முனகல் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசியில், பதினான்கு ஆண்டு முடியும்போது ஆசிரியர் உயிரோடு இருந்தால் உரிமை மேலும் பதினான்கு ஆண்டுக்கு அவருக்கே திரும்பும் என்ற பிரிவு வந்தது. மனுவில் ஆசிரியரின் குடும்பத்துக்காகக் கண்ணீர் விட்டவர்களிடம், சரி, அவருக்கே திருப்பிக் கொடுப்போம் என்று சொன்னதுபோல் இருக்கிறது அது.

அந்தத் திரும்பும் உரிமை நடைமுறையில் பெரிதாகப் பலிக்கவில்லை. எல்லா உரிமையும் என்றென்றைக்கும் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது வழக்கமாயிற்று. அப்படிப் பொதுப்பட எழுதிக் கொடுத்தது இரண்டாவது பதினான்கு ஆண்டையும் சேர்த்தே என்று 1786-இல் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. இதை வாசிக்கும்போது நம்மூர் ஒப்பந்தங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. பிரிட்டிஷ் சட்டத்தின் வழிவந்த நம்முடைய 1957-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ள வேண்டும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றே கொள்ள வேண்டும் என்று 19-ஆம் பிரிவில் எழுத்தாளருக்குச் சாதகமாகச் சொல்கிறது. என்னிடம் கையெழுத்துக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பு ஒப்பந்தத்தில் காலம் 'பதிப்புரிமை நீடிக்கும் வரை' என்றும் எல்லை 'உலகம் முழுவதும்' என்றும் கவனமாக நிரப்பப்பட்டிருந்தது. சட்டம் எங்கே எழுத்தாளருக்குச் சலுகை கொடுக்கிறது என்பதை அதைத் தயாரித்தவர் என்னைவிட நன்றாகப் படித்திருந்தார்.

இருபத்தொரு ஆண்டு முடிந்த பிறகு

1731 ஏப்ரலில் பழைய நூல்களுக்கான இருபத்தொரு ஆண்டு முடிந்தது. ஷேக்ஸ்பியரும் மில்டனும் சட்டப்படி எல்லோருக்கும் பொதுவாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. லண்டனின் பெரும் வணிகர்கள் உரிமைகளைப் பங்குகளாகப் பிரித்து, தங்களுக்குள் மட்டும் நடத்திக்கொண்ட ஏலங்களில் தொடர்ந்து வாங்கி விற்றார்கள். வெளியாளுக்கு அழைப்பே இல்லை. 1734-இல் ராபர்ட் வாக்கர் என்பவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தனித்தனியாக மலிவு விலையில் அச்சிடத் தொடங்கியபோது, டான்சன் நிறுவனம் தன் பதிப்பின் விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கிப் போட்டியிட்டது. அந்தச் சில மாதங்களில் லண்டன் வாசகருக்குக் கிடைத்த மலிவு ஷேக்ஸ்பியர், போட்டி இருந்தால் என்ன விலைக்கு விற்க முடியும் என்பதைத் தற்செயலாக எல்லோருக்கும் காட்டிவிட்டது. 1735-இலும் 1737-இலும் காலநீட்டிப்புக் கேட்டு மசோதாக்கள் வந்து தோற்றன. இப்போது கொடுத்தால் காலம் முடியும்போதெல்லாம் மறுபடி வந்து கேட்பார்கள் என்று அன்று ஒரு துண்டு வெளியீடு எச்சரித்தது. விலைக்கட்டுப்பாட்டுப் பிரிவோ 1739-இல் சத்தமில்லாமல் நீக்கப்பட்டது.

நாடாளுமன்றம் கைவிட்டதும் வணிகர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே அவர்கள் வைத்த வாதம் இன்னும் துணிச்சலானது. தன் உழைப்பால் உண்டாக்கியதன்மேல் ஆசிரியருக்குச் சட்டம் தராமலே, இயல்பாகவே, முடிவில்லாத சொத்துரிமை உண்டு. 1710-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மேல் ஒரு கூடுதல் பாதுகாப்பு மட்டுமே. அந்த முடிவில்லாத உரிமையை ஆசிரியர் எங்களுக்கு விற்றுவிட்டார். மூன்றாவது படிக்குத் தேவைப்பட்டதால்தான் முதல் படியில் ஆசிரியரை அவ்வளவு உயரத்தில் ஏற்றினார்கள். புகழ்பெற்ற சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் அவர்களுக்காக வாதாடினார். 1769-இல் மில்லர் வழக்கில் மன்ஸ்ஃபீல்ட் பிரபு தலைமையிலான நீதிமன்றம், யேட்ஸ் என்ற ஒரே நீதிபதியின் எதிர்ப்போடு, இந்த வாதத்தை ஏற்றது.

வழக்குக்குக் காரணமான நூல் ஜேம்ஸ் தாம்சனின் 'தி சீசன்ஸ்'. தாம்சன் 1748-இலேயே இறந்துவிட்டார். உரிமையை வாங்கியிருந்த ஆண்ட்ரூ மில்லரும் தீர்ப்பு வருவதற்கு முன்பே காலமானார். தீர்ப்பு வந்த அதே ஆண்டில் அந்தக் கவிதையின் உரிமை ஏலத்துக்கு வந்து, தாமஸ் பெக்கெட்டும் கூட்டாளிகளும் 505 பவுண்டுக்கு எடுத்தார்கள். இறந்துபோன கவிஞரின் இயற்கை உரிமை, இறந்துபோன வணிகரின் சொத்திலிருந்து இன்னொரு வணிகர் குழுவுக்கு மாறியது. அதை எடின்பரோ வணிகர் அலெக்சாண்டர் டொனால்ட்சன் சட்டைசெய்யவில்லை. காலம் முடிந்த நூல்களை அச்சிட்டு, லண்டனிலேயே கடை திறந்து, பாதி விலை அளவுக்கும் இறக்கி விற்றுக்கொண்டிருந்தவர் அவர். ஏழை மாணவர்களுக்கு உதவத்தான் அவர் விலையைக் குறைக்கிறார் என்று ஒருவர் சொன்னபோது, அப்படியே வைத்துக்கொண்டாலும் பணக்காரரைக் கொள்ளையடித்து ஏழைக்குக் கொடுத்த ராபின் ஹுட்டைவிட அவர் மேலானவர் இல்லை என்று ஆங்கில அகராதி தொகுத்த அறிஞர் சாமுவேல் ஜான்சன் சிரித்தார். அந்த ஜான்சனின் அணுக்கச் சீடர் பாஸ்வெல்தான் பிறகு ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் டொனால்ட்சனுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர். டொனால்ட்சனும் வணிகரே என்பதை மறக்க வேண்டியதில்லை. இந்தக் கதையில் துறவிகள் யாரும் இல்லை.

'தி சீசன்ஸ்' நூலை அச்சிட்டதற்காக டொனால்ட்சன் மீது பெக்கெட் குழு தொடுத்த வழக்கு 1774 பிப்ரவரியில் பிரபுக்கள் சபைக்கு வந்தது. அன்று அதுவே நாட்டின் இறுதி நீதிமன்றம். சட்டம் படிக்காத பிரபுக்களும் வாக்களிக்கலாம். கேம்டன் பிரபுவின் உரை வணிகர்களின் வாதத்தை அதன் அடிவேரிலேயே தாக்கியது. ஐந்து பவுண்டைப் பெற்றுக்கொண்ட மில்டன் அதைத் தன் உழைப்பின் விலையாகக் கருதவில்லை, தன் நூலின் உண்மையான விலை அழியாப் புகழ் என்று அவருக்குத் தெரியும் என்றார். முடிவில்லாத உரிமையை ஒப்புக்கொண்டால் நாட்டின் கல்வி முழுவதும் டான்சன் போன்றவர்களின் கையில் பூட்டப்பட்டுவிடும் என்றும் எச்சரித்தார். இதில் இரண்டாவது பகுதியோடு எனக்கு முழு உடன்பாடு. முதல் பகுதி சுகவாசியான ஒரு பிரபுவின் பேச்சு. புகழைக் கொண்டு மில்டனின் மனைவி வீட்டு வாடகை கொடுத்திருக்க முடியாது. ஆசிரியரை ஒரு தரப்பு சொத்துக்காரராக்கி விற்றது, மறு தரப்பு முனிவராக்கிக் கையை விரித்தது. பிப்ரவரி 22 அன்று டொனால்ட்சன் வென்றார். வெளியான நூலுக்குச் சட்டம் சொன்ன காலம்தான் காலம் என்று முடிவாயிற்று. எடின்பரோவில் சொக்கப்பனை கொளுத்திக் கொண்டாடினார்கள்.

லண்டன் வணிகர்கள் ஒரு வாரத்துக்குள் மறுபடி மனுவோடு நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். உரிமை நிரந்தரம் என்று நம்பிப் பல ஆயிரம் பவுண்டு போட்டு வாங்கியிருக்கிறோம், எங்களுக்கு நிவாரணம் வேண்டும் என்று இந்த முறை நேராகவே கேட்டார்கள். மக்கள் சபை இசைந்தது, பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. அடுத்த ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பல்கலைக்கழகங்களும் ஈட்டன் போன்ற சில பள்ளிகளும் மட்டும் தங்களுக்குக் கொடையாக வந்த நூல்களுக்கு நிரந்தர உரிமையைச் சட்டமாக வாங்கிக்கொண்டன.

பழைய கவிஞர்கள் எல்லோருக்கும் பொதுவானதும் ஜான் பெல் என்பவர் ஆங்கிலக் கவிஞர்களின் கையடக்கத் தொகுதிகளை 1777 முதல் வரிசையாக வெளியிடத் தொடங்கினார். அதற்குப் போட்டியாகத் தாங்களும் ஒரு வரிசை கொண்டுவர வேண்டிய கட்டாயம் லண்டன் வணிகர்களுக்கு வந்தது. கவிதைகள் இரண்டு வரிசையிலும் ஒன்றேதான். தங்களுடையதை ஒருவர் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டுமானால் பெல்லிடம் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும். மூன்று வணிகர்கள் ஜான்சன் வீட்டுக்குப் போய், ஒவ்வொரு கவிஞருக்கும் ஒரு முன்னுரை எழுதித் தரும்படி வேண்டி, என்ன தொகை வேண்டுமென்று அவரையே சொல்லச் சொன்னார்கள். ஜான்சன் 200 கினி, அதாவது 210 பவுண்டு, கேட்டார். ஆயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள் என்று அவருடைய நண்பர்கள் பின்னாளில் அங்கலாய்த்தார்கள்.